4.5 வேறு, 4.50 வேறு: ஏர் பிஸ்டல் பெல்லட் டின்கள் ஒரு மதிப்பீடு

பெல்லட் டின் வாங்கும்போது மூடியில் உள்ள படத்தைவிட முக்கியமானது அதில் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டு. மூடியில் பெரிய எழுத்தில் ‘4.5 மி.மீ.’ அல்லது ‘.177’ என்றிருக்கும். அது துப்பாக்கியின் கேலிபர், அதாவது பேரலின் உள்விட்டம். சீட்டில் பொடி எழுத்தில் 4.49, 4.50, 4.51 என்று ஏதாவது ஒரு எண் இருந்தால், அது பெல்லட்டின் தலை விட்டம். முதல் எண் தவறினால் பெல்லட் பேரலுக்குள் நுழையவே நுழையாது. ஏர் ரைஃபிள்காரர்களுக்காக 5.5 மி.மீ. (.22) டின்னும் அதே அலமாரியில்தான் இருக்கும், உருவமும் கிட்டத்தட்ட அதேதான். இரண்டாவது எண் தவறினால் என்ன ஆகும் என்பதில்தான் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு ரேஞ்ச் கருத்து மாறுகிறது. ஒரு கோச் 4.49 இல்லாமல் வாழ்க்கையே இல்லை என்பார், அடுத்த லேனில் நிற்பவர் 4.50க்குச் சத்தியம் செய்வார்.

இந்த மதிப்பீடு 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு மட்டுமானது. ஸ்டெயர், மோரினி, வால்தர், பார்டினி, ஃபைன்வெர்க்பாவ் மாதிரியான அழுத்தக் காற்று பிஸ்டல்களை மனதில் வைத்து எழுதியது. சட்டப்பக்கம் ஒரு வரி: இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி .177 அளவுக்கு மேற்படாத, 20 ஜூலுக்கு மேல் சக்தி இல்லாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி பிஸ்டல் அந்த வரம்பின் பக்கத்தில்கூட வராது. 0.53 கிராம் பெல்லட்டை விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் தள்ளினால் வருவது சுமார் 6 ஜூல்தான்.

பெல்லட்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பாருங்கள். முன்னால் தட்டையான தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் உள்ளீடற்று விரிந்த பாவாடை. ஸ்கர்ட் என்றுதான் ரேஞ்சில் சொல்வார்கள், ஆனால் பாவாடை என்றால் வேலை உடனே புரிந்துவிடும். தலை, பேரலுக்குள் இருக்கும் சுருள் வரிகளின் மேட்டில் ஒட்டிச் சறுக்கி பெல்லட்டை நேராகப் பிடித்துக்கொள்கிறது. பாவாடை காற்றின் அழுத்தத்தில் விரிந்து வரிகளின் பள்ளத்தை அடைக்கிறது. ஆக தலை வழிகாட்டி, பாவாடை அடைப்பான். தலையின் விட்டத்தை நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை பிரித்து விற்பதற்குக் காரணம் இதுதான். ஒரே கம்பெனியின் இரண்டு பேரல்கள்கூட உள்விட்டத்தில் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. அதனால் அடுத்த லேன்காரரின் எண் உங்களுக்குப் பொருந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது, அவரும் நீங்களும் ஒரே மாடல் வைத்திருந்தாலும் சரி.

தலை ஏன் தட்டை? அட்டையில் பஞ்ச் மெஷின் வைத்துக் குத்தியதுபோல வட்டமாகத் துளை விழும். உருண்டைத் தலை பெல்லட் அட்டையைக் கிழித்துக்கொண்டு போகும், ஓட்டை நிஜ அளவைவிடச் சின்னதாக, பிசிறோடு இருக்கும், கோட்டைத் தொட்டதா இல்லையா என்று கேஜ் வைத்தாலும் சண்டைதான். கூர்முனை பெல்லட்டை இந்த ஆட்டத்துக்கு வாங்கவே வேண்டாம்.

இனி கணக்கு. டின் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஏர் பிஸ்டல் டார்கெட்டில் 10 வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. அங்கிருந்து ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. தள்ளி. பெல்லட்டின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே மேல் மதிப்பெண். அதனால் பெல்லட்டின் மையம் டார்கெட்டின் மையத்திலிருந்து 8 மி.மீ. தூரத்துக்குள் விழுந்தால் 10. ஏர் ரைஃபிளில் இதே கணக்கைப் போட்டால் 2.5 மி.மீ.தான் வரும், ஏனென்றால் அங்கே 10 என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட் தலை அளவைப் பற்றி நம் ஊரில் புழங்கும் அறிவுரையில் பெரும்பகுதி ரைஃபிள்காரர்களிடமிருந்து வந்தது. அவர்களுக்கு அது நியாயம். பிஸ்டலுக்கு அதே மருந்தை அதே அளவில் குடிக்க வேண்டியதில்லை.

பிஸ்டலை வைஸில் (பட்டறைப் பிடிகருவி) இறுக்கிச் சுட்டபோது 5 குண்டும் சேர்ந்து வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை 7 மி.மீ. ஓட்டை போட்டால், அதில் பெல்லட்டின் சொந்த அகலம் 4.5 போக மீதி 2.5. அதாவது நடுவிலிருந்து மிக விலகிய குண்டு ஏறக்குறைய 1.25 மி.மீ. தள்ளி. ஏர் பிஸ்டலில் 0.1 புள்ளி என்பது 0.8 மி.மீ., ஆகவே பெல்லட்டால் போவது அதிகபட்சம் 0.15 புள்ளி. கொஞ்சம் மோசமான பெல்லட், 10 மி.மீ. ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இழப்பு 0.35ஐத் தாண்டாது. 60 குண்டில் 560 எடுப்பவரின் சராசரி 9.33. அவர் கையில் குண்டுகள் சாதாரணமாக 30, 40 மி.மீ. வட்டத்துக்குள் சிதறும். அந்தச் சிதறலுக்குள் பெல்லட்டின் பங்கு ஒளிந்தே போய்விடும். தகுதிச் சுற்றில் ஏர் பிஸ்டலுக்கு முழு எண் மதிப்பெண்தான் என்பதும் சேர, 9.9 எடுத்து 9 வாங்குகிற எல்லைக்கோட்டுக் குண்டுகளில் மட்டுமே இந்த வித்தியாசம் வெளியே தெரியும்.

இறுதிச் சுற்று வேறு கதை. அங்கே தசம மதிப்பெண். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 221.7 எடுத்து வெண்கலம் வாங்கினார், வெள்ளிக்கான வாய்ப்பு 0.1இல் கைவிட்டுப் போனது. 22 குண்டுகளின் மொத்தத்தில் 0.1. அந்த மட்டத்தில் இருப்பவர் தன் பேரலுக்கு ஏற்ற லாட்டை, அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியை, தேடி அலைவது வீண்செலவு ஆகாது. மாவட்டப் போட்டிக்கு 540 எடுக்கத் திணறுபவர் அதே அலைச்சல் அலைந்தால், அந்த நேரத்தில் ட்ரிகரை இழுத்துப் பழகியிருக்கலாம்.

எடைக்கும் இதே பரிசோதனை. விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் 10 மீட்டர் கடக்க சுமார் 0.067 விநாடி, அதற்குள் பெல்லட் 22 மி.மீ. கீழே இறங்கும். ஒரு பெல்லட் இன்னொன்றைவிட 1 சதவீதம் கனமாக இருந்தால், அதாவது 0.005 கிராம், இறக்கத்தில் வரும் மாற்றம் ஏறக்குறைய 0.2 மி.மீ. புள்ளியில் 0.03. பிஸ்டலுக்காகத் தராசு வாங்கி பெல்லட்டை ஒவ்வொன்றாக நிறுக்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. போதாக்குறைக்கு, பலரும் வாங்குவது நகைக்கடைப் பாணி 0.01 கிராம் தராசு. அது 0.53க்கும் 0.535க்கும் வித்தியாசம் சொல்லாது. குறைந்தது 0.001 கிராம் காட்ட வேண்டும்.

ஆனால் 0.45 கிராம் டின்னிலிருந்து 0.53 கிராம் டின்னுக்கு மாறினால் அது பெரிய மாற்றம். குண்டு 3, 4 மி.மீ. கீழே போய் விழும், கிட்டத்தட்ட அரைப் புள்ளி. பயிற்சிக்கு ஒரு எடை, போட்டிக்கு ஒரு எடை என்று வைத்துக்கொள்பவர்கள் போட்டியன்று காலையில் சைட் (குறிபார்க்கும் பாகம்) திருகைத் திருப்பிக்கொண்டிருப்பது இதனால்தான். இரண்டுக்கும் ஒரே எடையில் டின் எடுங்கள். சில டின்களில் எடை கிரெய்ன் கணக்கில் இருக்கும். 1 கிரெய்ன் 0.0648 கிராம். 7.0 என்றால் 0.45, 7.56 என்றால் 0.49, 8.2 என்றால் 0.53.

இனி டின்கள்.

ஆர்டபிள்யூஎஸ் ஹாபி, ஜெர்மன் தயாரிப்பு, 0.45 கிராம், டின்னுக்கு 500 பெல்லட். கம்பெனியின் விலைப்பட்டியலில் கீழ்ப்படியில் இருப்பது. தலை விட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இதில் இல்லை, போட்டி டின்னைப்போல பொறுக்கியெடுத்த பெல்லட்டும் இல்லை. அதை எதிர்பார்த்து வாங்கவும் கூடாது. முதல் ஆறு மாதம் பழகுகிறவருக்கு, மாதம் ஐந்து டின் காலி செய்கிறவருக்கு இது போதும். இலேசானது என்பதால் சற்று வேகமாகப் போகும்.

ஸ்பெயினின் காமோ மேட்ச் 0.49 கிராம். பெயரில் மேட்ச் இருந்தாலும் இடம் பயிற்சி மேசைதான். ஹாபி கிடைக்காத மாதத்தில் தயங்காமல் எடுக்கலாம், எடை மாறுவதால் சைட்டை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்டபிள்யூஎஸ் மைஸ்டர்குகெல்ன் இந்த இரண்டுக்கும் ஆர்10க்கும் நடுவில் நிற்கிறது. 0.45 பிஸ்டலுக்கு, 0.53 ரைஃபிளுக்கு என்று கம்பெனியே பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவினை ஒரு பரிந்துரை மட்டும்தான், 0.53ஐ பிஸ்டலில் போட்டால் எதுவும் கெட்டுவிடாது. மாநில அளவில் ஆடுகிறவர் பயிற்சிக்கும் போட்டிக்கும் சேர்த்து ஒரே டின் வேண்டும் என்றால் இதைத்தான் முதலில் கைகாட்டுவோம்.

ஆர்10 மேட்ச், அதே கம்பெனியின் உச்சம். இதுவும் 0.45, 0.53 என இரண்டு எடை. தலை விட்டம் தேர்ந்தெடுத்து வாங்கலாம். பெல்லட்டுக்குப் பெல்லட் ஒற்றுமை என்று வரும்போது மலிவு டின்னுக்கும் இதற்கும் உள்ள தூரம் கண்ணுக்கே தெரியும். இருபது பெல்லட்டைக் கண்ணாடி மேல் தலைகீழாக நிறுத்தினால் ஒரே வரிசையில் பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி நிற்கும். விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். உங்கள் மதிப்பெண் 570க்கு மேல் போகாதவரை தினப் பயிற்சிக்கு இதை வாங்குவதை நாங்கள் ஆதரிப்பதில்லை.

எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச். கம்பெனியின் முழுப்பெயர் ஹேண்ட்லர் அண்ட் நாட்டர்மன், 1825இல் ஜெர்மனியில் தொடங்கியது. லைட் 0.51, ஹெவி 0.53 என்ற இரண்டும்தான் நம் கடைகளில் கண்ணில் படுபவை. ஆர்10ஐயும் இதையும் தரம் பிரித்து முதலாவது, இரண்டாவது என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு பேரல் ஒன்றை விரும்பும், இன்னொரு பேரல் மற்றதை விரும்பும். ஊரில் எது தடையில்லாமல் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இறக்குமதிச் சரக்கு, மூன்று மாதம் வராமல் போவதும் உண்டு.

சீனாவின் சியாங் யுவான் மேல்தட்டு வீரர்களிடமும் புழங்குகிறது. பயிற்சித் தரம், போட்டித் தரம், ஒலிம்பிக் தரம் என்று அடுக்கு பிரித்து விற்கிறார்கள். வாங்கும்போது அடுக்கின் பெயரைக் கேட்டு வாங்குங்கள், வெறும் கம்பெனிப் பெயரைச் சொன்னால் கையில் வருவது எந்த அடுக்கும் ஆகலாம்.

உங்கள் பேரலுக்கு எந்தத் தலை என்று பார்க்க எளிய வழி விரல்தான். பிரீச்சை (பெல்லட் போடும் பேரலின் பின்வாய்) திறந்து பெல்லட்டை வைத்துக் கட்டை விரலால் தள்ளுங்கள். பாவாடை விளிம்பு உள்ளே போகும்போது லேசான எதிர்ப்பு தெரிந்து, பிறகு வழுக்கி அமர்ந்தால் சரி. தானாக விழுந்து உட்கார்ந்தால் சின்னது. நகம் வலிக்க அழுத்த வேண்டியிருந்தால் பெரியது, அந்த அழுத்தலில் பாவாடையும் கோணும். சந்தேகம் இருந்தால் 4.50 வாங்கித் தொடங்குங்கள்.

விரலுக்கு அப்பால் உறுதி வேண்டும் என்றால் வைஸ். பிஸ்டலின் உடம்பை ரப்பர் வைத்துக் கவ்வச் செய்யுங்கள், பேரலையோ காற்று சிலிண்டரையோ ஒருபோதும் கவ்வக் கூடாது. சிலிண்டரை 200 பார் வரை நிரப்பித் தொடங்கி, 100க்குக் கீழே இறங்கும் முன் நிறுத்திவிடுங்கள். காற்று குறைந்த நிலையில் வேகம் தளர்ந்து, பழி பெல்லட் மேல் விழும். டின் மாற்றும்போதெல்லாம் முதல் 10 குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், முந்தைய பெல்லட்டின் ஈயப்பூச்சு பேரலில் மிச்சமிருக்கும். பிறகு 5 குண்டு வீதம் ஐந்து அட்டை. ஒவ்வொன்றிலும் வெர்னியர் வைத்து வெளிவிளிம்பு அளந்து சராசரி எடுங்கள். ஒரே ஒரு அட்டையில் அழகான ஒற்றை ஓட்டை விழுந்தது என்று முடிவெடுப்பதுதான் இங்கே எல்லோரும் செய்கிற தப்பு. ஐந்து குண்டு ஒரு தடவை தற்செயலாகவும் சேரும். இரண்டு தலை அளவுக்கும் சராசரி வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் இரண்டும் ஒன்றுதான், மலிவாகக் கிடைப்பதை எடுங்கள்.

பொருந்தும் டின் கிடைத்துவிட்டால் சீட்டில் இருக்கும் லாட் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு அதே லாட்டில் கைக்கு எட்டிய அளவு வாங்கி வைப்பது நல்லது. அச்சு தேயத் தேய லாட்டுக்கு லாட் மாறும். அடுத்த லாட்டின் 4.50 இந்த லாட்டின் 4.50 போலவே நடக்கும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

எங்கள் கணக்கில் தலை அளவைவிட அதிகம் புள்ளியைத் தின்பது நசுங்கிய பாவாடை. ஈயம் நகத்துக்கே வளையும் உலோகம். 500 பெல்லட் ஒரு டின்னில் குலுங்கி, கப்பல், லாரி, கூரியர் என்று வந்து சேர்வதற்குள் சிலவற்றின் விளிம்பு மடங்கியிருக்கும். ஒரு பக்கம் மடங்கினால் அந்த வழியாகக் காற்று முதலில் கசிந்து பெல்லட்டைத் தள்ளாட வைக்கும். காரணமே தெரியாமல் விழும் 7, 8களில் சிலது இதனால். தீர்வுக்குக் காசு செலவில்லை. டின்னை வாங்கியதும் வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, விளக்கு வெளிச்சத்தில் பாவாடை வட்டமாக இருக்கிறதா என்று பார்த்து, கோணியதைத் தனி டப்பாவில் போடுங்கள். அவை சும்மா போக வேண்டியதில்லை, புதிதாக வந்தவர் ட்ரிகர் பழக உதவும். போட்டிக்கு 60 குண்டும், அதற்கு முந்தைய 15 நிமிட சைட்டிங்குக்கு (கணக்கில் வராத சோதனைச் சுடல்) 40 குண்டும் என்று நல்லது நூறைப் பொறுக்கி, குழி வைத்த பெல்லட் பெட்டியில் அடுக்கி எடுத்துப் போனால் லேனில் டின்னுக்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டியிருக்காது. ரேஞ்ச் பையில் டின்னை நேரடியாகப் போடுவதும், மூடியைத் திறந்து கீழே தவற விட்டுவிட்டு அள்ளிப் போட்டுச் சுடுவதும் வேண்டாம். தரையிலிருந்து ஒட்டிய ஒரு மணல்துகள் பேரல் வரியில் கோடு இழுத்துவிடும். கீழே விழுந்தது குப்பைக்கு.

கடலோர ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சென்னை, தூத்துக்குடி ஈரப்பதத்தில் டின்னைத் திறந்து போட்டால் பெல்லட் மேல் வெள்ளை மாவு பூக்கும். அது ஈயம் அரிக்கப்பட்டு வருவது. பூத்த பெல்லட்டைத் துடைத்துச் சுட முயலாதீர்கள், அளவும் கெட்டிருக்கும், அந்த மாவு மூச்சில் போவதும் நல்லதல்ல. அழகுக்காக மரப்பெட்டியில் வைக்கிற பழக்கமும் இதைத் துரிதப்படுத்தும். மரத்திலிருந்து வெளியேறும் அசிட்டிக் அமில ஆவிக்கும் ஈயத்துக்கும் ஆகாது. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான்.

கை கழுவாமல் சாப்பிடக் கூடாது என்பது எல்லா ரேஞ்சிலும் எழுதி ஒட்டியிருக்கும், எல்லா ரேஞ்சிலும் மீறப்படும். சோப்பு போட்டு, குளிர்ந்த தண்ணீரில். அவசரத்துக்குப் பெல்லட்டை உதட்டில் கவ்வி வைத்துக்கொள்ளும் பழைய ஆட்களைப் பார்த்து சிறுவர்கள் பழகிவிடுகிறார்கள், அதைப் பார்த்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். ஈயம் சேர்வது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

ஈயமே வேண்டாம் என்பவர்களுக்கு எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் கிரீன் இருக்கிறது, 0.34 கிராம். வீட்டுக்குள் பழகுகிறவர்களும் பள்ளிக்கூட ரேஞ்சுகளும் யோசிக்கலாம். ஆனால் ஈயத்தைவிடக் கடினம், இலேசு. அதே சக்தியில் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடும், சைட்டை முழுதாக மறுபடி அமைக்க வேண்டும். குண்டு பிடிக்கும் பெட்டியில் பட்டுத் திரும்பித் தெறிக்கும் வாய்ப்பும் கூடுதல், கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள். டின் விலை ஈய பெல்லட்டைவிட அதிகம்.

ஒன்றே ஒன்றை மட்டும் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்: இரும்பு பிபி உருண்டை. வரி வெட்டாத பிபி துப்பாக்கிப் பேரலுக்கானது அது. 4.5 என்று டப்பாவில் எழுதியிருக்கும், போட்டால் உள்ளேயும் போகும். வரி வெட்டிய போட்டி பேரலில் போட்டால் இரும்பு வரிகளைக் கெடுத்துவிடும், பிறகு ஆர்10 டின்னையே கொட்டினாலும் அந்தப் பேரல் பழையபடி சுடாது. சர்வதேச விதியும் ஈயம் அல்லது அதுபோன்ற மென்மையான பொருளால் ஆன குண்டை மட்டும்தான் அனுமதிக்கிறது.

வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 100 குண்டு என்றால் மாதம் சுமார் 2,500, அதாவது ஐந்து டின். நாலு டின் ஹாபி, ஒரு டின் 0.45 மைஸ்டர்குகெல்ன் என்று பிரித்தால், போட்டிக்கு முந்தைய நாலு நாள் போட்டி டின்னிலேயே பழகலாம். போட்டி டின்னுக்கு சைட் திருகை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்று டின் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள்.